நாலாம் நம்பரின் வால்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு 'நார்மல்' என்று பெயர். பதினான்கு வருடமாக அதுதான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ அச்சாகி வரும். அதைப் பார்த்தால் அவனே ஒரு கணம் இது யாருடைய சீட்டு என்று புரட்டிப் பார்ப்பான்.

அங்கே வேலை மனிதரின் குரோமோசோம்களைப் படிப்பது. ரத்தம் வரும், கர்ப்பிணிகளின் பனிக்குட நீர் வரும். அதிலிருக்கும் செல்களை வளர்ப்பார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியப் போகிற நேரம் பார்த்து மருந்தை ஊற்றி அப்படியே நிறுத்துவார்கள். அப்போதுதான் குரோமோசோம்கள் மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டு, இவர் இன்னார் என்று அடையாளம் தெரிகிற மாதிரி நிற்கும். மற்ற நேரமெல்லாம் பூனை விளையாடிய நூல்கண்டு. நிறுத்திய செல்லைக் கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட புழுக்கள் நாற்பத்தாறு. அவற்றை ஜோடி சேர்த்தால் இருபத்து மூன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது.

செல் வளர்க்கும் திரவம் புதிதாக வந்து இறங்கும்போதெல்லாம், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தம் வேண்டும். அதற்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "யாருக்குய்யா நல்ல நரம்பு?" என்று யாரோ கேட்டார்கள். புதுசு அல்லவா, நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் கையை நீட்டிவிட்டான். நரம்பு தோட்டக் குழாய் மாதிரி இருந்தது. எடுத்த ரத்தம் இருந்த சோதனைக் குழாயில் 'நார்மல் – ஆண்' என்று லேபிள் ஒட்டினார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் கையை நீட்டுவதும், "உலகத்துலேயே சான்றிதழோட நார்மலா இருக்கிற ஒரே ஆம்பளை நான்தான்" என்று சொல்வதும் வழக்கமாகிப் போனது. முதல் ஐம்பது தடவை எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தப் பெருமையை அவன் வீட்டுக்கும் எடுத்துப் போனதில்தான் கோளாறு.

அவன் மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்திருப்பவள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் மூன்று முறை கரு உண்டாகி, மூன்றும் பத்து வாரத்துக்குள் கலைந்துவிட்டது. மூன்றாவதற்குப் பிறகு மகப்பேறு மருத்துவர் இருவருடைய ரத்தத்தையும் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அவளுடையது போனது, குறையேதும் இல்லை என்று வந்தது. இவனுடைய படிவம் வந்தபோது, அந்த மருத்துவரிடம், "மேடம், என் ரத்தத்தை மாசா மாசம் மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டிருக்காங்க. நான்தான் கன்ட்ரோலே" என்று சொல்லி, முடிவு என்ற கட்டத்தில் தன் கையாலேயே 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

போன வருடம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா, மாமா, அம்மா, அக்காவின் இரண்டு பெண்கள், மூத்தவளின் கணவன். ஆறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவனுக்கு நாக்கு நிற்காது.

"சாதாரணமா செல் பிரிஞ்சா நாப்பத்தாறும் அப்படியே நகல் எடுத்து ரெண்டு பக்கமும் போகும்க்கா. ஆனா முட்டையும் விந்தும் உண்டாகுறப்ப ஜோடியைப் பிரிச்சுப் பாதிதான் குடுக்கணும், இருபத்து மூணு. பொம்பளைக்கு அந்த வேலை அவ அம்மா வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிடும். ஆரம்பிச்சுப் பாதியில நிக்கும். சிவப்பு சிக்னல்ல நிக்கிற வண்டி மாதிரி முப்பது வருஷம், நாப்பது வருஷம். பச்சை விழுறப்ப பேட்டரி டவுனாகியிருக்கும்."

"ஆம்பளைக்கு?" என்றார் மாமா.

"நமக்கென்ன மாமா, ஃபேக்டரி. தினமும் புதுச் சரக்கு."

மேஜை சிரித்தது. அக்கா சிரித்து முடித்துவிட்டு, "அப்போ கோளாறு வண்டியிலதான்னு சொல்லு" என்றாள். அவன் மனைவி தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். தண்ணீர் மேஜையிலேயே இருந்தது. அதை அவன் கவனித்தான். கவனித்துவிட்டு இன்னொரு ஜோக் சொன்னான்.

இப்போது நாலாவது முறை. பதினாறு வாரம் வரை வந்தாகிவிட்டது. போன வியாழக்கிழமை பனிக்குட நீர் எடுத்து, இரண்டு குடுவைகளில் போட்டு, இவன் வேலை செய்யும் அதே கூடத்தின் இரண்டு இன்குபேட்டர்களில் வைத்திருந்தார்கள். செல் வளர்ந்து படிக்கிற பதத்துக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். சொந்தக்காரர் மாதிரியை யாரும் படிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் இவன் அந்த இன்குபேட்டர்களைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தில் கடன்காரனைப் பார்த்தவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஐந்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, மெஷின் விற்பவர் வந்தார்.

டை கட்டியிருந்தார். குரோமோசோம்களைப் படம் பிடித்துத் தானே ஜோடி சேர்க்கும் மெஷின். "மனுஷன் அரை மணி நேரம் பண்றதை இது நாலு செகண்டுல பண்ணும் சார்" என்றார்.

"பண்ணட்டும், எங்களுக்கு வேற என்ன வேலை குடுப்பீங்க?" என்றாள் கத்தரிக்கோல்.

அவள் அந்தக் கூடத்தில் ஸ்லைடு படிப்பவர்களில் மூத்தவள். மைக்ரோஸ்கோப் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து ஒட்டி ஜோடி சேர்த்த காலத்தில் வேலைக்கு வந்தவள். கத்தரிக்கோல் போய்க் கணினி வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நாக்கும் காரணமாக இருக்கலாம்.

"நல்ல ஸ்லைடா ஒண்ணு குடுங்க. பிரச்சினை இல்லாத ஆளோடது" என்றார் விற்பவர்.

"நார்மலோடதைப் போடுங்க. நேத்துப் போட்ட கன்ட்ரோல் இருக்கு."

நார்மல் பெருமையோடு தன் ஸ்லைடைக் கொடுத்தான். மெஷின் முனகியது. நாலு செகண்டில் திரையில் வரிசையாக ஜோடிகள் வந்து நின்றன. எண்ணினால் இருபத்தொன்று. அடியில் ஒரு சிவப்புக் கட்டத்துக்குள் நாலு குரோமோசோம்கள், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் போலத் தனியாக நின்றன.

விற்பவர் டையைத் தளர்த்தினார். "ஒரு செல்லுல அப்படி வரும் சார். ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும்."

"மெஷினுக்கு என்னைப் பார்த்து வெக்கம்" என்றான் நார்மல். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த செல். இருபத்தொரு ஜோடி, சிவப்புக் கட்டத்தில் நாலு. மூன்றாவது செல். அதே நாலு.

"சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும்" என்றார் விற்பவர், இப்போது வெளிப்படையாக வியர்த்துக்கொண்டு.

கத்தரிக்கோல் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மவுஸை வாங்கி, சிவப்புக் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து மேலே வைத்தாள். இரண்டு நாலாம் நம்பர். இரண்டு பன்னிரண்டாம் நம்பர். பக்கத்தில் பக்கத்தில்.

"சார், நீங்க வெளியில போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்று விற்பவரிடம் சொன்னாள். அவர் போனதும், "நார்மல், இங்க வா" என்றாள். குரல் மாறியிருந்தது.

அவனுக்கு அருகில் போகவே வேண்டியிருக்கவில்லை. பதினான்கு வருடம் இதையே பார்த்த கண். ஒரு நாலாம் நம்பர் பாடப்புத்தகத்தில் இருப்பது போல முழுசாக இருந்தது. அதன் ஜோடிக்கு வால் கொஞ்சம் குட்டை. அந்த வால் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நம்பர்களில் ஒன்றின் அடியில், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கறுப்புப் பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டின் நுனித்துண்டு நாலில் ஒட்டியிருந்தது. இரண்டும் வாலை மாற்றிக்கொண்டு நின்றன.

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள் கத்தரிக்கோல்.

"மேடம், பதினாலு வருஷம். நூறு ஸ்லைடுக்கு மேல. யாருமே பார்க்கலையா?"

"பார்த்தோம். செல் நல்லா பிரிஞ்சிருக்கா, பட்டை தெளிவா இருக்கா, எண்ணிக்கை நாப்பத்தாறு வருதா. வரும். உனக்கு எதுவும் குறையல, எதுவும் கூடலையே, இடம்தானே மாறியிருக்கு. கன்ட்ரோலை யாருய்யா ஜோடி சேர்த்துப் படிப்பா? நாங்க திரவத்தைத்தான் சோதிச்சோம். உன்னை இல்ல."

குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பவன் அதைக் குடித்துப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவன் திரும்பி இன்குபேட்டர்களைப் பார்த்தான். ஐந்து நாளில் முதல் முறையாக நேராகப் பார்த்தான். சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் ஒட்டிய பட்டியலில் மனைவியின் எண். அதற்கு நேரே 'தந்தை: நார்மல்', அவன் கையெழுத்திலேயே. மூன்று கலைந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தக் கட்டத்தில் நின்றன.

"அந்தப் பக்கம் பார்க்காத" என்றாள் கத்தரிக்கோல். "இனிமே அந்தக் கதவை நீ தொட வேண்டாம், வெப்பநிலை குறிக்கக்கூட வேண்டாம், நான் பார்த்துக்கறேன். இப்பவே உட்கார்ந்து டாக்டருக்கு எழுது. தந்தைக்கு இப்படி இருக்கு, நாலையும் பன்னெண்டையும் கவனிச்சுப் படிக்கணும்னு. நீ எழுதினது தப்புன்னும் எழுது."

எழுதினான். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டர், அதாவது அந்தக் கூடத்தின் தலைவி, கடிதத்தைப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்து, "மனைவிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்றேன் டாக்டர்" என்றான்.

அன்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், யாரும் கேட்காமல் பாத்திரம் கழுவினான். துணி மடித்தான். மனைவி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே."

"வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு ஜோக்கும் வரல. யாராவது செத்துட்டாங்களா?"

"வேலை அதிகம்" என்றான். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியாமல், கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினான்.

மறுநாள் மதியம் லீவு சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போனான். டயர்களை அடுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டு, நடுவில் ஒரு நாற்சந்தி வரைந்திருப்பார்கள். ஒருவர் இறங்கி அடுத்தவர் வருவதற்குள் இருபது நிமிட இடைவெளி இருந்தது. அவள் தன் பக்கத்து இருக்கையிலேயே இருந்தாள். இவன் கற்றுக்கொள்பவரின் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

"மூணும் என்னால கலைஞ்சது" என்றான்.

சொல்லிவிட்டு, மெஷின், சிவப்புக் கட்டம், வால் எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னான். முடிந்ததும், "புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்றாள். கோபம் வந்தால் அவள் அவனைச் சார் என்பாள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவன் கண்ணாடி வழியாகச் சுண்ணாம்பு நாற்சந்தியைப் பார்த்தான்.

"அதோ, அந்த மாதிரிதான். விந்து உண்டாகுறப்ப ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியைத் தேடிப் போய் ஒட்டி நிக்கும். மத்தவங்களுக்கு ரெண்டு ரெண்டா நிக்கும். எனக்கு நாலும் பன்னெண்டும் வாலை மாத்திக்கிட்டதால, யாரு கூட ஒட்டறதுன்னு தெரியாம நாலும் சேர்ந்து சிலுவை மாதிரி நிக்கும். நாற்சந்தியில நாலு பக்கமும் நாலு வண்டி. ஒழுங்கான நாலு, வால் மாறின நாலு, ஒழுங்கான பன்னெண்டு, வால் மாறின பன்னெண்டு. வரிசையா, சுத்தி."

"ம்."

"அப்புறம் ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம் போகணும். எதிரெதிரா நிக்கிறது சேர்ந்து போனா பிரச்சினை இல்ல. ஒழுங்கானது ரெண்டும் சேர்ந்து போனா குழந்தை உன்ன மாதிரி. வால் மாறினது ரெண்டும் சேர்ந்து போனா என்னை மாதிரி. எல்லாம் இருக்கும், இடம் மட்டும் மாறியிருக்கும். ஆனா பக்கத்துப் பக்கத்துல நிக்கிறது சேர்ந்து போச்சுன்னா ஒரு துண்டு கூடுதலா இருக்கும், ஒரு துண்டு இருக்கவே இருக்காது."

"அங்க போலீஸ் கிடையாது."

"கிடையாது. சிக்னலும் கிடையாது."

"அப்ப என்னோடது?"

"உன்னோடது சுத்தம். ஆரம்பத்துல இருந்தே சுத்தம். அந்த ரிப்போர்ட்டை நான்தான் வீட்டுக்கே எடுத்துட்டு வந்தேன். அதைப் பார்த்தப்புறமும் அக்கா வீட்டுல…"

"பேட்டரி டவுன்" என்றாள் அவள்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் கால் அந்த இரண்டாவது பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"இது?" என்று வயிற்றைக் காட்டினாள். "இதுக்கு எப்படி?"

"தெரியாது. பத்து வாரம் தாண்டினது நல்ல குறி. ஆனா குறி மட்டும்தான். துண்டு குறைஞ்சும் பிறக்கிற குழந்தைங்க உண்டு. செவ்வாய்க்கிழமை தெரியும்."

"தப்பா இருந்தா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக எத்தனையோ தம்பதிகளுக்கு அவர்கள் கூடம் முத்திரை குத்திய உறை அனுப்பியிருக்கிறது. உறைக்குள் எழுதியதை அவன்தான் தட்டச்சு செய்வான். அதைத் திறக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து திறப்பார்கள் என்று அன்று வரை யோசித்ததில்லை.

அடுத்துக் கற்றுக்கொள்ள வந்தவர் தூரத்தில் ஹெல்மெட்டோடு நின்றார். காருக்கு எதற்கு ஹெல்மெட் என்று வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள். "அந்த மேஜையில எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஆறு."

"ஆறு பேர்கிட்டயும் சொல்லணும். செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி. நல்ல ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா அது சந்தோஷத்துல சொன்னதாயிடும். கெட்டது வந்தப்புறம் சொன்னா உங்களைப் பார்த்துப் பாவப்படுவாங்க. எதுவும் தெரியாதப்ப சொல்லுங்க. எனக்கு அது வேணும்."

"சரி."

"ஜோக் இல்லாம."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அதே மேஜை, அதே ஆறு பேர். மனைவி வரவில்லை. சாப்பாடு முடியும் வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தட்டு வைக்கும்போதே ஆரம்பித்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும். மூணு தடவை கலைஞ்சதுக்கும் காரணம் நான். என் குரோமோசோம்ல கோளாறு. பதினாலு வருஷமா நார்மல்னு லேபிள் ஒட்டினாங்க, யாரும் படிச்சுப் பார்க்கல."

மேஜை சிரித்தது. மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "லேபிள் மாத்திட்டாங்களா?" என்றாள் சின்னவள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிடா, விஷயத்துக்கு வா" என்றாள்.

வாழ்நாள் முழுக்க ஜோக்கராக இருந்ததற்கு வட்டி கட்டும் நேரம் அது. உதட்டில் ஒன்று வந்து நின்றது. நல்ல ஜோக்கும் கூட. அதை விழுங்கினான்.

"இதுதான் விஷயம்" என்றான். "அவளோட ரிப்போர்ட் அப்பவே சரின்னு வந்துடுச்சு. நான் என்னோடதைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இங்க உட்கார்ந்து அவ முட்டையைப் பத்தி வகுப்பெடுத்தேன். வண்டியில கோளாறு இல்ல அக்கா. ஃபேக்டரியிலதான்."

ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு அணைந்தது. அம்மா கரண்டியை வைத்தாள். மாமா தண்ணீர் குடித்தார், காலி தம்ளரில்.

"குழந்தைக்கு?" என்றாள் அக்கா.

"செவ்வாய்க்கிழமை தெரியும்."

அக்கா தன் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, "இது உனக்கு எங்கிருந்து வந்திருக்கும்?" என்றாள்.

"அப்பா இல்ல அம்மா யாருக்காவது இருந்திருக்கலாம். புதுசாவும் வந்திருக்கலாம்."

"அப்ப எனக்கும் இருக்கலாம்."

"இருக்கலாம். சோதிச்சுப் பார்க்கலாம். பொண்ணுங்களுக்கும்."

"பெரியவளுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சுடா" என்றாள் அக்கா. பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இது செய்தி. "மாமியார் என்னை என்னென்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாது. நீ அப்ப ஸ்கூல் பையன்." பிறகு, "அதெல்லாம் கேட்டுட்டு வந்த நானே அவகிட்ட…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்தாள். "அவ நம்பரைக் குடு."

"உன்கிட்ட இருக்கேக்கா."

"இருக்கு. போட்டதில்ல."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று அவனுக்கு இன்று வரை தெரியாது. அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி, "சிரிச்சாங்களாமே" என்றாள். "ரெண்டாவது தடவை சிரிக்கல" என்றான். அவள் நகர்ந்து சோபாவில் இடம் விட்டாள். ஆறு நாளில் முதல் முறையாகத் தூக்கம் வந்தது, உட்கார்ந்தபடியே.

செவ்வாய்க்கிழமை.

காலை எட்டரைக்குக் கத்தரிக்கோல் குடுவைகளை எடுத்தாள். இவன் செல் வளர்ப்பு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குழாய்களுக்கு லேபிள் ஒட்டினான். கதவின் மேல்பாதி கண்ணாடி. பத்தரைக்கு அவள் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தது தெரிந்தது. முதுகு மட்டும்தான். நீலச் சட்டை, கொண்டையில் குத்திய பேனா.

அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் படித்ததை இரண்டாவது ஆள் தனியாகப் படித்து, இரண்டும் ஒத்துப் போனால்தான் அது முடிவு. அதுவரை முதல் ஆள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது ஆள் வழக்கமாக நார்மல். இன்று டாக்டர்தான் படிக்க வேண்டும். டாக்டர் பதினோரு மணிக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

பதினொன்றே காலுக்குக் கத்தரிக்கோல் எழுந்தாள். படித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இருபது செல் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும். தாளைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு பழைய கத்தரிக்கோலை வைத்தாள். நிஜக் கத்தரிக்கோல். பிறகு டீ போட்டுக்கொண்டு, அவன் அறைக்கு எதிரே ஜன்னலோரம் போய் நின்றாள்.

அவன் அவள் முகத்தைப் படித்தான். அவள் சர்க்கரை எத்தனை போட்டாள் என்று பார்த்தான். இரண்டு. வழக்கம் இரண்டு. கெட்ட செய்தி உள்ள நாட்களில் அவள் டீயைப் பாதியில் வைத்துவிடுவாள் என்று ஒரு ஞாபகம். இன்று முழுக்கக் குடித்தாள். ஆனால் நல்ல செய்தி உள்ள நாட்களில் அவள் ஏதாவது திட்டுவாள், இன்று திட்டவில்லை. ஒரு குழாயில் ஒரே லேபிளை மூன்று தடவை ஒட்டியிருந்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தான்.

"மேடம்."

"உள்ள போ."

"ஒண்ணும் கேட்கல மேடம். டீ இருக்கான்னு…"

"நார்மல்" என்றாள், அவன் பக்கம் திரும்பாமல். "உன் சாம்பிளை நூறு தடவை பாதிதான் படிச்சோம். இதை முழுசாப் படிக்க விடு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

டாக்டர் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். கைப்பையைக் கூட வைக்காமல் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார். ஒரு செல், இரண்டு செல். குனிந்த தலை நிமிரவேயில்லை. ஒரு முறை கத்தரிக்கோலைக் கூப்பிட்டு எதையோ காட்டினார். இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். அந்த நேரத்தில் அவன் மனதில் சுண்ணாம்பு நாற்சந்தி வந்து நின்றது. நாலு மாதத்துக்கு முன்பே வண்டிகள் போய்விட்டன. யார் யாருடன் போனார்கள் என்பது எப்போதோ முடிந்த கதை. அதற்குப் பிறகு அந்த ஒரு செல் இரண்டாகி, நாலாகி, கோடியாகி, ஒவ்வொரு முறையும் அதே தீர்ப்பை நகல் எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. இவன் இன்றைக்கு வேண்டிக்கொள்வது நேற்று முடிந்த ஆட்டத்துக்குக் கைதட்டுவது போல. ஆனாலும் வேண்டிக்கொண்டான்.

ஒன்றரைக்கு டாக்டர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். அவன் வெளியே வந்தான். திரையில் படம் இருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்லும் கடைசி ஜோடி மேல் கத்தரிக்கோல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி மறைத்திருந்தாள். அது தெரிய வேண்டாம் என்று அவன் மனைவி எழுதிக் கொடுத்திருந்தாள்.

படிக்கத் தெரிந்தவனிடம் படித்துச் சொல்ல என்ன இருக்கிறது.

நாலாம் நம்பர் ஜோடி. ஒன்று முழுசு. ஒன்றுக்கு வால் குட்டை. கண்ணைப் பன்னிரண்டுக்கு நகர்த்த வேண்டும். நகரவில்லை. கத்தரிக்கோல் பேனாவால் திரையைத் தட்டினாள்.

பன்னிரண்டு. ஒன்று முழுசு. இன்னொன்றின் அடியில், சம்பந்தமே இல்லாத அந்தக் கறுப்புப் பட்டை.

காணாமல் போன வால் அங்கே இருந்தது. முழுசாக.

"எதுவும் குறையல. எதுவும் கூடல" என்றார் டாக்டர். "உங்களுக்கு இருக்கிற அதே மாற்றம். ரெண்டு குடுவையிலும் அதேதான். உங்களைப் போலவே இருக்கும்னு எதிர்பார்க்கலாம்."

"இவனை மாதிரியா? அதைக் கெட்ட செய்தின்னுதான் எழுதணும் டாக்டர்" என்றாள் கத்தரிக்கோல். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாததைத் துடைத்தாள்.

அவன் நாற்காலியைத் தேடினான். அதற்குள் யாரோ அவன் பின்னால் ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

போனை எடுக்க மனைவிக்கு ஆறு முறை மணி அடிக்க வேண்டியிருந்தது. பின்னணியில் இன்ஜின் சத்தம்.

"சொல்லுங்க" என்றாள். உடனே யாரிடமோ, "சிக்னல் வருது, ரோட்டைப் பாருங்க சார், என்னைப் பார்க்காதீங்க."

"எதிரெதிரா நின்னது சேர்ந்து போயிருக்கு" என்றான்.

சட்டென்று ஒரு குலுக்கலோடு வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கால்தான்.

"எந்த ரெண்டு?"

"வால் மாறினது ரெண்டும்."

"மேடம், நான் ஒண்ணும் பண்ணலையே" என்று ஒரு பயந்த குரல் கேட்டது. ஹெல்மெட்காரராக இருக்கலாம்.

"உங்களை மாதிரியா?" என்றாள் கடைசியில்.

"அப்படியே என்னை மாதிரி."

"பாவம்" என்றாள். குரல் உடைந்து, அவள் அதை இருமலாக மாற்றப் பார்த்து, முடியாமல் விட்டாள். அவனிடம் நல்ல ஜோக் ஒன்று இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று.

"வெக்கிறேன்" என்றாள். "பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆச்சு."